துனி ஆடிய கைக்கு ரம்மி ஏன் சறுக்குகிறது

"துனியே ஆடுகிறோம், ரம்மி என்ன பெரிய விஷயமா" என்று கேட்கும் ஆட்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். அந்நகரில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நான்கு பேர் உட்கார ஒரு மேசை கிடைத்தால் போதும், துனி என்ற சீட்டாட்டம் தொடங்கிவிடும். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன்களுக்குத் தமிழ் எழுத்து மறந்திருக்கலாம். எந்தத் துருப்பு இன்னும் வெளியே வரவில்லை என்பது மட்டும் மறக்காது. இப்போது அதே ஆட்கள் போனில் பதின்மூன்று சீட்டு ரம்மியைத் திறக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் யாராவது ஆப்பின் பெயரைச் சொல்லியிருப்பார்கள், அல்லது விளம்பரத்தில் பார்த்திருப்பார்கள். முதல் வாரமே தோல்விமேல் தோல்வி. உடனே "ஆப் ஏமாற்றுகிறது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆப்பைச் சந்தேகிக்கும் முன் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. துனி பழக்கும் குணமும் ரம்மி கேட்கும் குணமும் நேரெதிர். துனியில் கைக்கு வந்ததை வைத்துத் துணிந்து ஆட வேண்டும். ரம்மியில் அதிகம் சம்பாதிப்பது விடத் தெரிந்தவர்.

துனி தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாக. ஜாக்கி, 9, ஏஸ், 10, ராஜா, ராணி ஆகிய ஆறு மட்டும், நான்கு இனத்திலும் (ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர்) சேர்த்து 24 சீட்டு. இருவர் இருவராகக் கூட்டணி, ஆளுக்கு ஆறு சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. யாழ்ப்பாணத்தில் இதே கணக்கில் ஆடும் ஆட்டத்துக்கு 304 என்றே பெயர். கேரளத்து இருபத்தெட்டும் இந்தக் குடும்பம்தான். ஆக டர்பன் துனி தனிமரம் இல்லை, தென்னாட்டுச் சீட்டாட்டக் கொடியில் ஒரு கிளை. ஆறு பிடியையும் தானே பிடிப்பேன் என்று ஒருவர் அறிவிப்பதுதான் "துனி" கூப்பிடுவது. ஆட்டத்துக்கே அதுதான் பெயர்.

இந்த மதிப்புப் பட்டியலே முதல் இடறல். துனிக்காரருக்கு ஜாக்கியைக் கீழே போட மனசே வராது. வருஷக்கணக்காக அதுதான் மேசையின் எஜமான். ரம்மியிலோ ஜாக்கி வெறும் 10 பாயிண்ட் சுமை. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நான்குமே தலா 10, எண் சீட்டுகளுக்கு அவற்றின் எண், ஜோக்கருக்குச் சுழி. தோற்றவர் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் கூட்டுத்தொகைதான் அவர் இழப்பு. ஜோடி சேராத ஜாக்கியை ஐந்து சுற்று வரை கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால், அவர் டர்பன் பக்கம் நேட்டாலில் வளர்ந்தவர் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சரி, விதிகள். வழக்கமான ஆட்டத்தில் இரண்டு சீட்டுக்கட்டு, கட்டுக்கு ஓர் அச்சு ஜோக்கர், மொத்தம் 106. இருவர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம், ஆளுக்கு 13. பிறகு ஒரு சீட்டைத் திறந்து வைப்பார்கள். அந்த எண் எந்த இனத்தில் வந்தாலும் அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர், எந்தச் சீட்டின் இடத்திலும் நிற்கும். திறந்த சீட்டே அச்சு ஜோக்கராக இருந்தால் ஏஸ்கள் ஜோக்கராகும். உங்கள் முறை வரும்போது கவிழ்த்த கட்டிலிருந்தோ, எதிராளி கடைசியாக இறக்கிய சீட்டையோ எடுத்து, ஒன்றை இறக்க வேண்டும். பதின்மூன்றும் வரிசைகளாகவும் செட்டுகளாகவும் அமைந்ததும் பதினான்காவதைக் கவிழ்த்துப்போட்டு டிக் அடிக்கலாம், அதாவது ஆட்டத்தை முடித்துக் கையைக் காட்டலாம்.

வரிசை என்றால் ஒரே இனத்தில் தொடர்ந்து மூன்றோ அதற்கு மேலோ. செட் என்றால் ஒரே எண், வெவ்வேறு இனங்கள், மூன்று அல்லது நான்கு சீட்டு. குறைந்தது இரண்டு வரிசை கட்டாயம். அதில் ஒன்றாவது ஜோக்கர் உதவி இல்லாத அசல் வரிசையாக இருக்க வேண்டும். ஆப்பில் இதைத்தான் ப்யூர் சீக்வென்ஸ் என்று காட்டுவார்கள். ஏஸ் இரண்டு பக்கமும் சேரும்: ஏஸ்-2-3 செல்லும், ராணி-ராஜா-ஏஸ் செல்லும். ராஜா-ஏஸ்-2 என்று சுற்றிக்கொண்டு வரக் கூடாது.

அசல் வரிசைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பது தோற்கும்போதுதான் உறைக்கும். அது இல்லாமல் எதிராளி டிக் அடித்துவிட்டால், உங்களிடம் அழகான இரண்டு செட்டு இருந்தாலும் அவையும் கணக்கில் வரும். பதின்மூன்று சீட்டும் எண்ணப்பட்டு, 80ல் நிறுத்தப்படும். அசல் வரிசை மட்டும் இருந்தால் அந்தச் சீட்டுகள் தப்பும், மற்றவை எண்ணப்படும். இரண்டாவது வரிசையும் சேர்ந்துவிட்டால் செட்டுகளும் தப்பும், தனியாக நிற்பவை மட்டும் இழப்பு. ஆகவே முதல் சில சுற்றுகளில் ஒரே கேள்விதான்: அசல் வரிசை எங்கிருந்து வரும்? செட் சேர்ப்பதில் காட்டும் ஆர்வத்தை அதுவரை தள்ளிப்போடலாம்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். திறந்த சீட்டு கிளாவர் 4, ஆகவே நான்குகள் ஜோக்கர். உங்களுக்கு விழுந்தது: ஆட்டின் 6, 7, ராஜா, இஸ்பேட் 4, 7, ராணி, ராஜா, டைமன் 2, 9, ஜாக்கி, கிளாவர் 3, 5, 10. சேர்ந்தது எதுவும் இல்லை. ஜோக்கர் ஒன்று இருக்கிறது, இஸ்பேட் 4. மொத்தப் பாயிண்டைக் கூட்டினால் 89. அதாவது இப்போதே எதிராளி ஜெயித்தால் முழு 80.

அசல் வரிசைக்கு என்ன வழி? ஆட்டின் 6-7க்கு 5 அல்லது 8 வர வேண்டும். இரண்டு கட்டு என்பதால் நான்கு சீட்டு. இஸ்பேட் ராணி-ராஜாவுக்கு ஜாக்கி அல்லது ஏஸ், அதுவும் நான்கு. டைமன் 9க்கும் ஜாக்கிக்கும் நடுவில் 10, இரண்டு மட்டும். கிளாவர் 3-5க்கு நடுவில் கிளாவர் 4. அது ஜோக்கர் எண்தான், ஆனாலும் தன் சொந்த இடத்தில் தன் சொந்த இனத்தில் உட்கார்ந்தால் அசல் வரிசையாகவே கொள்ளப்படும். புதியவர்கள் பலர் கவனிக்காத சலுகை இது. ஆனால் ஒரு கிளாவர் 4 ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, மிச்சம் ஒன்று. மொத்தம் 4 + 4 + 2 + 1, பதினொரு சீட்டு. உங்கள் கையும் திறந்த சீட்டும் போக நீங்கள் பார்க்காதவை 92. ஒருமுறை இழுத்தால் அமைய ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. கட்டிலிருந்து ஐந்து முறை இழுத்தால் அதற்குள் அசல் வரிசை அமைய 48 சதவீதம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இதில் முதலில் எதை இறக்குவது? துனிக்கை டைமன் ஜாக்கியைக் காப்பாற்றிவிட்டு டைமன் 2ஐத் தூக்கிப்போடும். அந்த 2 வெறும் 2 பாயிண்ட், கையில் இருந்தால் பெரிய கேடில்லை. போக வேண்டியது கிளாவர் 10. அதற்கு இந்தக் கையில் உறவு யாருமில்லை, ஆனால் 10 பாயிண்ட் வாங்கித் தரும். அடுத்தது ஆட்டின் ராஜா. இஸ்பேட் ராஜாவோடு ஜோடி என்பது தவிர அதற்கு வேலையில்லை, அந்த இஸ்பேட் ராஜாவுக்கு ராணியோடு நல்ல எதிர்காலம் இருக்கிறது. டைமன் ஜாக்கி மூன்றாவது. இரண்டு சுற்றுக்குள் டைமன் 10 வரவில்லை என்றால் அனுப்பிவிடலாம்.

இங்கே ஆப் உலகில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நடுச் சீட்டுகளை வைத்துக்கொள், 6, 7, 8தான் எளிதில் சேரும்" என்பார்கள். எண்ணிப் பார்த்தால் இது அரை உண்மை. ஏழு மூன்று விதமான மூன்று சீட்டு வரிசையில் உட்காரும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராணியும் அதே மூன்றில் உட்காரும்: 10-ஜாக்கி-ராணி, ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ். மூன்றாம் எண் சீட்டும் அப்படியே. ஏஸ் இரண்டு பக்கமும் சேர்வதால் ஓரம் என்பதே சுருங்கிவிட்டது. ஏஸ், 2, ராஜா ஆகிய மூன்று மட்டும் இரண்டிரண்டு வரிசையில் வரும். ஆக, பெரிய சீட்டைத் தள்ளுவதற்குக் காரணம் அது சேராது என்பதில்லை. சேராமல் போனால் விலை அதிகம் என்பதே. ராணியும் ராஜாவும் ஒரே இனத்தில் ஜோடியாக வந்தால் நாலைந்து சுற்றுக்குத் தாராளமாக வைத்திருக்கலாம், 6-7 ஜோடிக்கு இருக்கும் அதே நான்கு வாய்ப்பு அதற்கும் உண்டு. தனி ராணியை வைத்திருப்பதுதான் தப்பு.

ஜோடிகளில் எது உசத்தி என்பதற்கும் இந்த எண்ணிக்கையே போதும். அடுத்தடுத்த இரண்டுக்கு நான்கு சீட்டு (ஏஸ்-2, ராஜா-ஏஸ் தவிர). நடுவில் ஓட்டை இருந்தால் இரண்டு. ஆட்டின் 6, ஆட்டின் 7, இஸ்பேட் 7 என்று மூன்றாக இருந்தால் எட்டு: ஆட்டின் 5, ஆட்டின் 8, டைமன் 7, கிளாவர் 7, எல்லாம் இரண்டிரண்டு. நம் கையில் அப்படியொரு மூவர் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? அதனால் இஸ்பேட் 7ஐ அவசரப்பட்டு இறக்கக் கூடாது.

அப்புறம் ஸ்கூட். ஆப்பில் டிராப் என்று ஒரு பொத்தான் இருக்கும். கை மோசம் என்றால் ஒரு சீட்டும் எடுக்காமல் முதலிலேயே விலகிவிடலாம், இழப்பு 20. ஒருமுறை எடுத்துவிட்டால் அதற்குப் பின் விலக 40. ரம்மி முழுவதிலும் காசு அதிகம் கசிவது இந்த இடத்தில்தான். துனிக்காரருக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத இடமும் இதுதான். துனியில் ஆறு சீட்டு விழுந்தால் ஆறையும் ஆடியே ஆக வேண்டும். கை மோசமென்றால் கூட்டாளி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. மேசையை விட்டு எழுந்திருப்பது கௌரவக் குறைச்சல். ரம்மியில் கூட்டாளி கிடையாது, எழுந்திருப்பதற்கு விலை நிர்ணயித்தே வைத்திருக்கிறார்கள்.

இருவர் ஆடும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜெயித்தால் சராசரியாக 30 பாயிண்ட் வரும், தோற்றால் 40 போகும் என்று வைத்துக்கொண்டால், ஆடுவதும் விலகுவதும் சமமாகும் இடம் ஏழில் இரண்டு. அதாவது இந்த மாதிரிக் கையை ஏழு முறை ஆடினால் இரண்டு முறைக்கு மேல் ஜெயிப்பேன் என்று தோன்றினால் ஆடு, இல்லையென்றால் 20ஐக் கொடுத்துவிட்டுப் போ. ஏழில் இரண்டு என்பது தாழ்வான வரம்பு. ஆகவே இருவர் ஆட்டத்தில் சுமாரான கையையும் ஆடலாம். மேலே பார்த்த கையை நான் இருவர் ஆட்டத்தில் ஆடுவேன்: ஜோக்கர் ஒன்று, அசல் வரிசைக்குப் பதினொரு சீட்டு. ஆறு பேர் மேசையில் அதே கையைத் தொடமாட்டேன். ஐந்து பேரில் யாரோ ஒருவருக்கு முதலிலேயே அசல் வரிசை விழுந்திருக்கும். உங்களுக்கு ஐந்து முறை இழுக்க அவகாசமே கிடைக்காது.

ஜோக்கரும் இல்லை, ஒரே இனத்தில் அடுத்தடுத்த ஜோடியும் ஒன்றுக்கு மேல் இல்லை என்றால் எத்தனை பேர் மேசையானாலும் ஸ்கூட் போடுவது நல்லது. அப்படிப்பட்ட கை எத்தனை முறை வரும்? ஜோக்கர் இல்லாத கையை மட்டும் கணக்கிடலாம். ஜோக்கர் எண்ணில் எட்டு சீட்டு. ஒன்று திறந்து கிடக்க, மிச்சம் ஏழு. அச்சு ஜோக்கர் இரண்டு. ஆக 105ல் ஒன்பது. பதின்மூன்று சீட்டில் அவற்றில் ஒன்றுகூட வராமல் போவது நூற்றுக்கு 29 முறை. பத்துக் கையில் மூன்று. தொடர்ந்து மூன்று கைக்கு ஜோக்கரே வராமல் போவதுகூட 41ல் ஒரு முறை நடக்கும். ஒரு மாலையில் முப்பது நாற்பது கை ஆடுகிறவர் கண்ணில் இது அடிக்கடி படும். "ஆப் எனக்கு மட்டும் சீட்டுப் போடமாட்டேன் என்கிறது" என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த 29 சதவீதம்தான்.

நடு ஸ்கூட் என்ற 40ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது முதலில் போட மறந்த ஸ்கூட்டுக்கான வட்டி. நாலைந்து சுற்றில் பெரிய சீட்டுகளை இறக்கியிருந்தால் கையில் இருப்பதே 40, 45க்கு வந்திருக்கும். அப்போது விலகுவதில் லாபமில்லை. எதிராளி தொடர்ந்து நீங்கள் இறக்கியதை எடுத்துக்கொண்டே போகிறார், உங்களிடம் இன்னும் எழுபது நிற்கிறது என்றால் மட்டும் அந்தப் பொத்தானுக்கு அர்த்தம் உண்டு.

துனிக்காரரின் பெரிய பலம் நினைவாற்றல். 24 சீட்டில் எது போயிற்று, எது பாக்கி, யார் எந்த இனத்தில் வெட்டினார் என்பதெல்லாம் விரல்நுனியில். இந்தப் பலம் ரம்மியில் உதவும் என்று எதிர்பார்ப்பது இயல்பு; கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் 106 சீட்டையும் நினைவில் வைக்க முயல்வது வீண். நமக்கு வேண்டியது அந்தப் பதினொன்று மட்டும். இஸ்பேட் ஏஸ் இரண்டும் கீழே போய்விட்டதா? அப்படியென்றால் ராணி-ராஜாவுக்கு இருந்த நான்கு வாய்ப்பு இரண்டாகக் குறைந்துவிட்டது, இனி அதுவும் சுமைதான். இன்னொன்று, பல ஆப்களில் இதுவரை இறக்கிய சீட்டுகளைப் பட்டியலாகவே காட்டுகிறார்கள். சாட்ஸ்வொர்த் மேசையில் பெருமைக்குரியதாக இருந்த திறமையை ஒரு பொத்தான் எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்துவிடுகிறது. மிச்சமிருப்பது அந்தப் பட்டியலை வைத்து என்ன முடிவெடுக்கிறோம் என்பது.

எதிராளி எடுப்பதைப் பார்க்கும் கண் மட்டும் துனியிலிருந்து அப்படியே கூட வரும். அவர் கீழே கிடந்த ஆட்டின் 8ஐ எடுத்தால் ஆட்டின் 6, 7, 9, 10 நான்கும், மற்ற இன எட்டுகளும் ஆபத்துச் சீட்டு. நம்மிடமோ ஆட்டின் 6-7 இருக்கிறது. அந்த 8 போய்விட்டதால் நம் வாய்ப்பும் ஒன்று குறைந்தது. அதே காரணத்துக்காக நீங்களும் கீழிருந்து எடுப்பதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டும். அசல் வரிசை முழுமையாகிறது என்றால் எடுங்கள். செட்டுக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று எடுத்தால் கையைத் திறந்து காட்டியது போலாகும். தூண்டில் போடுவதும் உண்டு. உங்களுக்கு டைமன் 9 வேண்டும் என்றால் கையிலுள்ள உபயோகமில்லாத கிளாவர் 9ஐ இறக்குவது. ஒன்பதை இவர் சேர்க்கவில்லை என்று நினைத்து எதிராளி டைமன் 9ஐ விடக்கூடும். நல்ல எதிராளியிடம் இது பலிக்காது, ஆனால் செலவில்லாத முயற்சி.

துனியில் இனம் இருந்தும் போடாமல் வெட்டிப் பிடிபட்டால் நான்கு பால், அதாவது நான்கு ஆட்டப்புள்ளி, எதிரணிக்கு. அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. ரம்மியில் அதற்கு இணை தவறான டிக், தண்டனை முழு 80. டர்பன் ஆட்கள் இதில் விழும் விதமும் ஒன்றேதான். துனியில் ஒரே கட்டு, ஒரே சீட்டு இரண்டு முறை வராது. ரம்மியில் ஆட்டின் 7 இரண்டு இருக்கும். ஆட்டின் 7, ஆட்டின் 7, இஸ்பேட் 7 என்று சேர்த்து செட் என்று அடித்துவிடுவார்கள். அது செட் ஆகாது, இனம் மூன்றும் வேறாக இருக்க வேண்டும். மற்றபடி இரண்டு வரிசையிலும் ஜோக்கரை வைத்துவிட்டு அசல் வரிசை இல்லாமலே அடிப்பதும் நடக்கும். பதினான்காவது சீட்டைக் கவிழ்த்த பின் அடுக்கிக் காட்டச் சில விநாடிகள் தருவார்கள். சரிபார்ப்பதை அப்போது வைத்துக்கொள்ளாமல், கவிழ்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

விநாடிக் கணக்கு இன்னொரு தொல்லை. மூன்று முறை தொடர்ந்து உங்கள் முறையைத் தவறவிட்டால் பொதுவாக நடு ஸ்கூட்டாக எடுத்துக்கொண்டு 40 எழுதிவிடுவார்கள். மின்வெட்டுக் கால அட்டவணையைப் பார்த்துச் சமையல் செய்து பழகிய ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: கரண்ட் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் 40. மொபைல் டேட்டாவில் ஆடுவது மேல். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, துனியில் செய்வது போலக் கண்ஜாடை பேசலாம் என்று நினைப்பதும் வேண்டாம். ஒரே இணைப்பிலிருந்து இருவர் ஒரே மேசைக்கு வருவதைப் பல ஆப்கள் கூட்டுச்சதியாகவே பார்க்கும், கணக்கை முடக்கிவிடும்.

பாயிண்ட், பூல், டீல் என்று வகைகள் உண்டு. பாயிண்ட் ஒரே கையில் முடிவது. டீல் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கைகள். பூலில் 101 அல்லது 201 தொடுபவர் வெளியே. 101 பூலில் ஸ்கூட் 20 என்பதால் ஐந்து முறை விலகினால் 100. ஆறாவது கையை ஆடியே ஆக வேண்டும். அதனால் பூலில் விலகுவது வரம்புள்ள சேமிப்பு, பாயிண்ட் ஆட்டத்தில் அந்த வரம்பு இல்லை. துனிக்காரர்களுக்கு நான் பூலையே சொல்வேன். பால் எண்ணி ஆட்டத்தை முடித்துப் பழகியவர்களுக்கு நீண்ட கணக்கு ஒத்துவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் ரம்மியில் திறமைக்கு நிறைய இடம் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல், செகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய ஆந்திரப் பிரதேச வழக்கில், இதையே சொன்னது: விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்பதில் கணிசமான திறமை வேண்டும், ஆகவே மூன்று சீட்டு ஆட்டம் போல இது முழு அதிர்ஷ்டம் ஆகாது. ரம்மி ஆப்கள் பல வருஷமாக மேற்கோள் காட்டியது இந்த வரிகளைத்தான். அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் சொந்தக்காரர் லாபம் எடுக்கிறார் என்று தெரிந்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. விளம்பரங்களில் அந்தப் பகுதி வந்ததாக நினைவில்லை.

தமிழ்நாட்டில் 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது, திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதமே இல்லாமல். பெரிய ஆப்கள் பண மேசைகளை மூடிவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு "ரம்மி திறமை ஆட்டம், இந்தியக் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. இங்கே 2004ஆம் ஆண்டின் தேசிய சூதாட்டச் சட்டம் அந்த வாதத்துக்கு முதலிலேயே கதவைச் சாத்திவிட்டது. பணம் கட்டி, பணம் கிடைக்கலாம் என்று ஆடினால் அது சூதாட்டம். முடிவு திறமையால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா, இரண்டாலுமா என்பது பொருட்டில்லை. உரிமம் இல்லாத ஆன்லைன் ஆட்டங்களுக்கும் அதே சட்டத்தில் தடை. அவற்றுக்கு உரிமம் வழங்க வழிசெய்த 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. சர்வர் வெளிநாட்டில் இருக்கிறதே என்ற சாக்கும் செல்லாது. அப்போது சுவாசிலாந்து என்றிருந்த பக்கத்து நாட்டில் உரிமம் பெற்ற ஆன்லைன் கசினோ ஒன்று ஹௌடெங் மாகாணத்தில் விளம்பரம் செய்தது பற்றிய வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொன்னது: ஆடுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேதான் சூதாட்டம் நடக்கிறது. சட்டவிரோத ஆட்டத்தில் ஜெயித்த பணத்தை ஜெயித்தவரிடம் கொடுக்கவும் கூடாது. அது நீதிமன்றம் வழியாக அரசிடமே போய்விடலாம்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் பண மேசை சாதகமாக இல்லை. பாயிண்டுக்கு ஒரு ரேண்ட், தோற்றவர் 40 ரேண்ட் கொடுக்கிறார், மேசை நடத்துபவர் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு ஜெயித்தவருக்கு 36 தருகிறார் என்று வைப்போம். சமபலமுள்ள இருவர் பத்து ஆட்டம் ஆடி ஐந்தைந்து ஜெயித்தால் இருவருக்குமே 20 ரேண்ட் நஷ்டம், நடுவில் இருப்பவருக்கு 40 லாபம். கைமுதல் கெடாமல் இருக்கவே நூற்றுக்கு 53 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அந்த மூன்று ஆட்டம் எங்கிருந்து வரும்?

ஆகவே கற்றுக்கொள்ள மிச்சமிருப்பது இலவச மேசையும் வீட்டு மேசையும். இலவச மேசையில் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே சிப்ஸுக்கு மதிப்பில்லை, தீர்ந்தால் திரும்பக் கொடுப்பார்கள். அதனால் யாரும் ஸ்கூட் போடமாட்டார்கள், எல்லாக் கையையும் கடைசிவரை ஆடுவார்கள். விதிகளும் விரல் வேகமும் அங்கே படியும். இந்த ஆட்டத்தின் முக்கியமான முடிவு மட்டும் படியாது. அதற்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு கையும் தொடங்கும்போது ஜோக்கர் எத்தனை, அசல் வரிசைக்கு எத்தனை சீட்டு காத்திருக்கிறோம் என்று இரண்டு எண்; முடிந்ததும் 20, 40, 80 அல்லது கையில் நின்றது எவ்வளவு என்று ஓர் எண். ஐம்பது கை எழுதிய பிறகு, காத்திருந்த சீட்டு ஆறுக்குக் குறைவாக இருந்த கைகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தச் சராசரி 20ஐத் தாண்டியிருந்தால், அந்தக் கைகளில் தொட்டிருக்க வேண்டியது டிராப் பொத்தானை.